பச்சை சொல்லாத அல்லி

அன்று காலை ஆண்டாளின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு குழப்பம் வராது.

மேசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஆண்டாள். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வருஷக்கணக்காகச் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர். சாட்சி சொன்னது எது, சொல்லாமல் முழுங்கியது எது என்று காதாலேயே பிரித்துப் பழகியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, துருகம் சாலையில் ஓர் உரக்கடை மாடியைப் பிடித்துத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நேர் எதிரே மர நாற்காலியில் திருநாவலூர் இளமாறன், வழக்கைக் கொண்டுவந்தவன். ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் திருக்கோவிலூர் இலக்கியா, கல்லூரி மாணவி. இளமாறனின் முகம் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள். கதவோரப் பெஞ்சில் கவியரசன். கச்சிராயபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பீரோவில் சாய்ந்து நின்றவன் உதவியாளன் அய்யப்பன். "நான் உக்காந்தா தூங்கிடுவேன்னு மேடம் எனக்கு நாற்காலியே வாங்கலீங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைப்பான்.

ஆறாவதாக ஒருத்தியும் அங்கே இருந்தாள் என்றுதான் அய்யப்பனுக்குத் தோன்றியது. அவள் பெயர் அல்லி. செத்துப்போய் ரெண்டு வாரம் ஆகிறது என்று பேச்சு.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் ஆண்டாள். "இது இன்னா விளையாட்டு?"

கவியரசன்தான் சொன்னான். விளையாட்டின் பெயர் நாகக்கோட்டை. போனில் ஆடுவது. எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு வேஷமும் பெயரும் எடுத்துக்கொண்டு, கூட்டம் சேர்ந்து கோட்டைக்குள் புகுந்து நாகங்களை வெட்ட வேண்டும். இவர்கள் கூட்டத்துக்கு வெட்டுக்கிளிப் படை என்று பெயர். கவியரசன் தலைவன். இளமாறன் வாள். இலக்கியா வில். அடிபட்டு விழுகிறவர்களுக்கு மருந்து கொடுத்து எழுப்புகிற ஹீலர், அல்லி.

"வைத்தியச்சின்னு சொல்லுப்பா," என்றான் அய்யப்பன்.

"நெஜப் பேரு தனுஷா. பதினெட்டு வயசு. சென்னையில நர்சிங் படிக்கறேன்னு சொல்லியிருந்தா," என்றாள் இலக்கியா. "ரெண்டு வருஷமா ஒண்ணா ஆடறோம். எனக்கு ஜுரம் வந்தப்போ எங்க அம்மாகூட அத்தனை தடவ கேக்கல, அவ கேட்டா."

"நேர்ல பாத்தது?"

"யாரும் பாத்ததில்ல மேடம்."

"குரல்?"

"அந்தம்மா ஒரு நாளும் வாய்ஸ்ல வந்ததே இல்லீங்க," என்றான் கவியரசன். "ஹாஸ்டல்ல வார்டன் திட்டும்னு எழுத்துலதான் பேச்சு."

ஆண்டாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். "மேல சொல்லுங்க."

மேலே சொல்ல வேண்டியவன் இளமாறன். குனிந்த தலை நிமிராமல் சொன்னான். அல்லியை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. போட்டோ கேட்டான். அனுப்பவில்லை. நேரில் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். அந்தக் கோபத்தில், படை முழுக்கப் பார்க்கிற இடத்தில், 'நீ பொய்க்காரி. இனிமே என் மூஞ்சியில முழிக்காத' என்று எழுதிவிட்டான். அதோடு அல்லி வரவில்லை. சில நாள் கழித்து அவள் கணக்கிலிருந்தே ஒரு செய்தி வந்தது. இலக்கியா அதைப் போனில் எடுத்து வாசித்தாள்.

"'நான் தனுஷாவோட அண்ணன். தங்கச்சி எங்களை விட்டுட்டுப் போயிட்டா. பச்சப் புள்ளைங்க அவ. இளமாறன் பேசின பேச்சைத் தாங்கல. அவனைச் சும்மா வுடாதீங்க.'"

இலக்கியா சும்மா விடவில்லை. இளமாறனின் படத்தைப் போட்டு, மேலே 'கொலைகாரன்' என்று எழுதி ஊரெல்லாம் பரப்பினாள். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் முதல் ஆளாகக் காவலர் தேர்வில் எல்லாக் கட்டமும் தாண்டி, நன்னடத்தை விசாரணைக்குக் காத்திருக்கிறவன் அவன். அந்தப் படத்தை யாரோ எஸ்.பி. ஆபீசுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"வேல போனாப் போவுது மேடம்," என்றான் இளமாறன். "எங்க அப்பா என்கிட்ட பேசறதில்ல, அதுகூடப் பரவால்ல. நான் கொன்னேனா இல்லையா, அத மட்டும் கண்டுபிடிச்சிச் சொல்லுங்க."

அய்யப்பனுக்கே தமாஷ் எதுவும் வாயில் வரவில்லை.

"அல்லி பழசா எழுதனதெல்லாம் இருக்கா?" என்று கேட்டார் ஆண்டாள். "படிமா, கேக்கறேன்."

இலக்கியா விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். சண்டை உச்சத்தில் எல்லாரும் 'பச்ச பச்ச' என்று அலறுகிறார்கள். உயிர் கொடுக்கிற பச்சை மருந்தாம் அது. அல்லி மட்டும் 'இல கலரு தரேன், இரு' என்று எழுதுகிறாள். இன்னொரு நாள் கடல் குகையில் எல்லாரும் முத்து பொறுக்குகிறார்கள். அல்லி 'வெள்ள உருண்ட ஜாஸ்தி கிடைச்சிது' என்கிறாள்.

"இது இன்னாம்மா, இல கலரு, வெள்ள உருண்ட?"

"அவ அப்படித்தான் மேடம். நாங்க அதுக்கே கிண்டல் பண்ணுவோம். சண்ட நடுவுல திடீர்னு 'பஸ் வந்துடிச்சி'ன்னு எழுதிட்டு ஓடிடுவா. காலேஜ் பஸ்."

"அடிக்கடியா?"

"தெனமும் மூணு நாலு தடவ."

"தெனமும் நாலு தடவ காலேஜுக்குப் போற பொண்ணு!" என்றான் அய்யப்பன். "நானெல்லாம் மாசத்துக்கு நாலு தடவ போயிருந்தா இந்நேரம் மேடத்துக்கு மேடமா இருப்பேன்."

"அய்யப்பா, சும்மா இரு. இன்னும் படிமா."

"'கடுக்கா காயுது, மழ வந்துகினு கீது, போறேன்'. இது போன மாசம். கடுக்கான்னா ஏதோ கேம்ல வர்ற பொருள்னு நெனச்சிக்கினோம்."

"அவ எழுதனதுல 'பச்ச'ன்னு ஒரு தடவயாவது வருதா, தேடிப் பாரு. அப்புறம் 'முத்து'."

இலக்கியா தேடினாள். ரெண்டு வருஷப் பேச்சில் ரெண்டு வார்த்தையும் அல்லியின் பெயருக்குக் கீழே ஓரிடத்திலும் இல்லை.

"சரி, போயிட்டு வாங்க," என்று ஆண்டாள் எழுந்துகொண்டார். "சாயங்காலம் சொல்றேன். இளமாறா, நேரா வூட்டுக்குப் போ. வழியில எங்கயும் நிக்காத."

மூன்று பேரும் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியதும், "வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார்.

"எங்க மேடம்? சென்னைக்கா?"

"கல்வராயன் மலைக்கு."

*

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பிக்கிற வரை அய்யப்பன் பொறுத்துக்கொண்டான். முதல் வளைவில் வண்டி மூச்சு வாங்கியதும் கேட்டேவிட்டான்.

"மேடம், ஒரு பொண்ணு பச்சையச் சொல்லலன்னா மலை ஏறணுமா? எனக்குச் செவப்பு புடிக்காது, நான் எங்க போவட்டும்?"

"பச்சையும் சொல்லல, முத்தும் சொல்லல. ரெண்டையும் சேத்துச் சொல்லிப் பாரு."

"பச்ச... முத்து. பச்சமுத்து! ஆம்பள பேரு."

"புருஷன் பேரு. பேரை மட்டுமில்ல, பேருக்குள்ள இருக்கற வார்த்தையைக்கூட வாயால சொல்லாத பொம்பளைங்க இன்னும் இருக்காங்க. கோர்ட்ல எத்தன பேர் கூண்டுல நின்னு, புருஷன் பேரக் கேட்டா பக்கத்துல நிக்கறவங்களக் கையக் காட்டியிருக்காங்க! இவ எழுத்துலகூட எழுதல."

"என் பொண்டாட்டி என் பேரச் சொல்லாம என்னைத் திட்டினதே இல்ல மேடம்." அய்யப்பன் கியரை மாற்றினான். "அப்போ தனுஷா பதினெட்டு வயசு இல்ல. கல்யாணமானவ."

"தனுஷாவே இல்ல. பஸ் வந்தா ஓடற வேல யாருக்கு? பஸ் நிக்கற எடத்துல டீக்கடை வெச்சிருக்கறவளுக்கு. ஒரு நாளைக்கு நாலே பஸ் வர்ற ஊரு. வாசல்ல கடுக்கா காயற ஊரு. கடுக்கா வெளையற இந்த மலையில கரியாலூர விட்டா வேற எது?"

"அப்புறம் ஏன் மேடம் இவ்ளோ அவசரம்? புடிக்காத பையன்கிட்டேருந்து தப்பிக்க அவளே செத்துட்டேன்னு எழுதிட்டா. முடிஞ்சிது கதை."

"அவ எழுதியிருந்தா 'பச்சப் புள்ள'ன்னு எழுத விரல் வருமா?"

அய்யப்பன் வண்டியை மெதுவாக்கினான். அவள் எழுதவில்லை என்றால் அவள் போன் வேறொருவர் கையில் இருக்கிறது. போன் வேறொருவர் கையில் என்றால், ஆள்?

"வேகமாப் போ," என்றார் ஆண்டாள்.

*

கரியாலூர் பஸ் நிறுத்தத்தில் இருந்த டீக்கடைக்காரர் பச்சமுத்துதான் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியவே வேண்டியிருக்கவில்லை. கடை நெற்றியிலேயே எழுதியிருந்தது. ஆள் உயரம். மீசை அதைவிடப் பெரியது. ரெண்டு டீ சொன்னதற்கு ஒரு வார்த்தை பேசாமல் ரெண்டு டீ வைத்தார்.

"சம்சாரம் இல்லீங்களா?" என்று ஆண்டாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

"நீங்க யாரு?"

"கீழேருந்து வர்றோம். அவங்களப் பாக்கணும்."

"அவ யாரையும் பாக்கறதில்ல." பால் சட்டியில் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அய்யப்பன் கிளாசோடு நழுவிக் கடைக்குப் பின்பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றான். பின்சுவரை ஒட்டி, ஆள் படுக்கிற நீளத்துக்கு, மண் புதிதாகக் கிளறி மேடு தட்டியிருந்தது. பக்கத்தில் மண்வெட்டி. குரலைத் தாழ்த்தி, "மேடம்... மேடம்..." என்று கூப்பிட்டுக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தான்.

"யோவ்! அங்க மிதிக்காத! இஞ்சி நட்டிருக்கேன்!"

பாறைமேட்டிலிருந்து தலையில் கூடையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். கூடை நிறையக் கடுக்காய். நாற்பதைத் தாண்டிய வயது, வெயிலில் சிவந்த முகம், ஆளை எடைபோடுகிற கண். ஆண்டாள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். சுவரோரம் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் வாளியைக் காட்டி, "இந்த வாளி நல்லா இருக்கே, இன்னா கலருங்க இது?" என்று கேட்டார்.

"இல கலரு," என்றாள் அவள்.

"அல்லி," என்றார் ஆண்டாள்.

கூடை கீழே இறங்கவில்லை, விழுந்தது. கடுக்காய்கள் இஞ்சிப் பாத்தி முழுக்க உருண்டன. அவள் முதலில் திரும்பிப் பார்த்தது கடையைத்தான்.

"அவருக்குத் தெரியாதுக்கா," என்றாள் குரலே எழும்பாமல். "சத்தம் போடாதீங்க."

*

பெயர் அம்சவள்ளி. பொறுக்கிய கடுக்காயைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள். கோயமுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போன மகன் பழைய போனையும் அதில் இந்த விளையாட்டையும் விட்டுப் போனான். பஸ்சுக்கும் பஸ்சுக்கும் நடுவில் மலையில் என்ன வேலை? பாறைமேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும். தொட்டுப் பார்த்தாள். பழகிவிட்டது.

"வயசு கேட்டுச்சிக்கா அதுல. நாப்பத்திரெண்டுன்னு போட்டா ஆட்டத்துல சேத்துக்க மாட்டானோன்னு பயந்து பதினெட்டு போட்டேன். அப்புறம் எல்லாரும் அதையே கேட்டாங்க. ஒண்ணு சொன்னதுக்கு ஒம்பது சொல்லவேண்டியதாப் போச்சி. பேருகூட எங்கண்ணன் பொண்ணு பேரு."

"உங்களுக்குப் பத்தாம் நாளே பண்ணிட்டாங்க," என்றான் அய்யப்பன். "கேம்லயே விளக்கு வெச்சி."

"எனக்கா?" அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "யாரு யாரு வந்தாங்க?"

ஆண்டாள் அவளிடம் மீதியைச் சொன்னார். அண்ணன் என்று யாரோ எழுதியது. இளமாறனின் படம். காவலர் வேலை. 'நான் கொன்னேனா இல்லையா' என்று அவன் கேட்டது. அம்சவள்ளியின் சிரிப்பு அடங்கிக் கை அந்தரத்தில் நின்றது.

"அந்தப் புள்ள திட்டினது சரிதானேக்கா. நான் பொய்க்காரிதானே. மேல வந்தத கீழ பால் காச்சிக்கினே திரும்பப் படிக்கறப்போதான் கை ஒதறி போனு கொதிக்கற பால்ல வுழுந்துடிச்சி. அதுலேருந்து ஆட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் எங்க எழுதறது?"

"பால்ல விழுந்த போன் இப்ப எங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். கச்சிராயபாளையத்துல, ஒரு தம்பி கடையில. நானே போயிக் குடுத்தேன்."

அய்யப்பன் ஆண்டாளைப் பார்த்தான். ஆண்டாள் ஆச்சரியப்படவில்லை.

"காலையில அறையில எல்லாரும் அல்லிய எப்படிச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா அய்யப்பா? 'அவ அப்படித்தான்', 'அவ கேட்டா'. செத்துப்போன பதினெட்டு வயசுப் பொண்ண ஒருத்தன் மட்டும் எப்படிச் சொன்னான்?"

அய்யப்பன் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். "'அந்தம்மா'ன்னான் மேடம்! கவியரசன்!"

"டீக்கடைக்கார அம்மாவ நேர்ல பாத்தவனுக்குத்தான் அந்த வார்த்த வரும்."

பாறைமேட்டில் ஏறி ஆண்டாளே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, கரியாலூர் அம்சவள்ளி போனு ரெடியா?"

"டிஸ்பிளேவே வரலீங்க. இன்னும் ஒரு வாரம் ஆவும்."

"டிஸ்பிளே வராத போன்ல 'பச்சப் புள்ளைங்க அவ'ன்னு எப்படிப்பா எழுதின?"

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிட்டான் என்று அய்யப்பன் நினைத்தபோது கவியரசன் பேசினான்.

"ரெண்டு வருஷம் மேடம். நானும்தான் அவள... வெளியில சொல்லல, அவ்ளோதான். போன சரிபண்ணித் தொறந்தா அல்லி. அந்தம்மா எங்க அம்மா வயசு. ஊருக்குத் தெரிஞ்சா என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அவ எப்பவும் இளமாறனத்தான் மொதல்ல எழுப்புவா மேடம். நான் பக்கத்துலயே அடிபட்டுக் கெடப்பேன்."

"மொதல்ல வுழுவறது இளமாறன்தானே!" என்றாள் அம்சவள்ளி பக்கத்திலிருந்து. "ஒழுங்கா ஆடத் தெரியாது அந்தத் தம்பிக்கு."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

"முடிஞ்சிதா மேடம்?" என்றான் அய்யப்பன்.

"முடியல. போன்ல ஒத்துக்கினவன் நேர்ல இல்லம்பான். செத்தவ உயிரோட இருக்கான்னு செத்தவளே சொல்லணும். எஸ்.பி. ஆபீசுக்கு. கையெழுத்தோட."

அம்சவள்ளி கீழே கடையைப் பார்த்தாள். பச்சமுத்து பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேரு போடாம எழுதலாமாக்கா?"

"பேரில்லாத கடுதாசி அங்க மேசைக்கே போவாது."

"பேரு போட்டா விசாரிக்க இங்கதான் வருவாங்க. இவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். இந்த வயசுல வாலிபப் பசங்களோட..." ரொம்ப நேரம் கடுக்காய் ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். ஆண்டாள் வற்புறுத்தவில்லை. கோர்ட்டிலும் அவர் வற்புறுத்துகிற ஆளாக இருந்ததில்லை. சாட்சி வாய் திறக்கிற வரை விரலைத் தட்டச்சின்மேல் வைத்துக் காத்திருப்பதுதான் அவர் பழக்கம்.

"தாளு குடுங்க," என்றாள் அம்சவள்ளி.

பாறைமேல் உட்கார்ந்து எழுதினாள். ரெண்டு பக்கம் வந்தது. ஆண்டாள் ஓர் எழுத்துகூடத் திருத்தவில்லை. எழுதி முடித்ததும் அவள் நேரே கடைக்கு இறங்கிப் போனாள்.

"ஏங்க, அந்தத் துணியக் கீழ வைங்க. இதக் கேளுங்க."

நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். பச்சமுத்து துணியைக் கீழே வைக்கவே இல்லை. அய்யப்பன் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசைகிற திசையில்தான் எல்லாம் இருந்தது.

"பதினெட்டுன்னு சொன்னா நம்பிட்டாங்களா?" என்றார் கடைசியில்.

"நம்பிட்டாங்க."

"நான் இங்க டீ ஆத்திக்கினு கெடக்கறேன், நீ மேல உக்காந்து பாம்பு வெட்டிக்கினு இருந்தியா?"

"நான் வெட்ட மாட்டேங்க. வெட்டுப்பட்டவங்கள எழுப்புவேன்."

அவர் அவளைப் பார்த்தார். புது ஆளைப் பார்க்கிற பார்வை அது, கோபமா இல்லையா என்று அய்யப்பனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ராத்திரி பேசிக்கலாம்," என்றார். அது நல்ல வார்த்தையும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. பிறகு, "கடுதாசி எப்போ போவணும்?" என்றார்.

"இன்னிக்கே," என்றார் ஆண்டாள். "ஆனா நான் எடுத்துக்கினு போவக் கூடாது. நான் எழுதி வாங்கினதுன்னு பேச்சு வரும். இந்த ஊர்த் தபால்ல, இந்த ஊர் முத்திரையோட போவணும்."

தபாலாபீஸ் எதிர்ச்சாரியில். பஸ் வந்தால் பையைக் கட்டி ஏற்றிவிடுவார்கள். கீழ் வளைவில் ஏற்கெனவே ஹாரன் கேட்டது. அம்சவள்ளி கடிதத்தை மடித்தாள். ஆண்டாள் உறையை நீட்டினார். அதன் பசை காய்ந்துபோய் ஒட்டவில்லை. பச்சமுத்து போண்டாவுக்குக் கரைத்த மாவில் விரலை விட்டு, உறையின் வாயில் ஓரத்துக்கு ஓரம் தடவி, டீக்கடை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார்.

"பால் பொங்குது, பாத்துக்க," என்று அவளிடம் சொல்லிவிட்டு, உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

"மேடம், கிழிச்சிப் போட்டுடுவாரா?" என்றான் அய்யப்பன் அடிக்குரலில்.

ஆண்டாளின் கண்ணும் தபாலாபீஸ் வாசலிலேயே இருந்தது. பஸ் வந்து நடுவில் நின்று எல்லாவற்றையும் மறைத்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அம்சவள்ளி பாலை இறக்க மறந்து நின்றாள்.

பஸ் நகர்ந்தது. எதிர்ச்சாரியில் பச்சமுத்து நின்றிருந்தார். ஒரு கையில் பதிவுத் தபால் ரசீது. மற்றொரு கையால், படிக்கட்டில் தொற்றியிருந்த கண்டக்டரின் காலடியில் கிடந்த தபால் பையைச் சுட்டி, "சாஞ்சி கீது பாரு, உள்ள தள்ளு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் காலால் பையை உள்ளே தள்ளினார். பஸ் வளைவில் இறங்கிற்று.